அமெரிக்காவின் வில்டர்னஸ் நிலங்கள்: அரசு தன் கையையே கட்டிக்கொண்ட கதை

கேள்வி இதுதான். அமெரிக்காவின் பொது நிலங்களைப் பற்றிப் படிக்கும்போது தேசியப் பூங்கா, தேசியக் காடு, தேசிய நினைவிடம், வில்டர்னஸ் என்று பல பெயர்கள் வந்து குழப்புகின்றன. இவற்றில் வில்டர்னஸ் எது? மற்றவற்றைவிட அது எந்த வகையில் கெட்டியான பாதுகாப்பு? ஓர் அரசு மனம் வைத்தால் இந்த நிலங்களையெல்லாம் விற்றுவிட முடியாதா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வில்டர்னஸ் என்பது ஒரு தனித் துறைக்குச் சொந்தமான நிலம் கிடையாது. ஏற்கெனவே மத்திய அரசின் கையில் இருக்கும் நிலத்தில் ஒரு பகுதிக்கு, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் தகுதி அது. தேசியப் பூங்காவுக்குள்ளும் வில்டர்னஸ் உண்டு, தேசியக் காட்டுக்குள்ளும் உண்டு, மேய்ச்சல் நிலமாகக் கிடக்கும் பாலைக்குள்ளும் உண்டு. நிர்வகிக்கும் துறை மாறுவதில்லை. அந்தத் துறை அங்கே என்னென்ன செய்யக்கூடாது என்ற பட்டியல் மட்டும் வந்து சேர்கிறது. இந்த ஏற்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மரம் வெட்டுகிறவரையும் சுரங்கம் தோண்டுகிறவரையும் தடுக்கும் சட்டங்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றன. காவல் காக்கிறவரின் கையையே கட்டும் சட்டம் அபூர்வம்.

அமெரிக்க மத்திய அரசிடம் இருக்கும் நிலம் சுமார் 64 கோடி ஏக்கர். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 28 சதவீதம். அதில் பெரும்பகுதி மேற்கிலும் அலாஸ்காவிலும்தான். நெவாடா மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு மத்திய அரசுக்குச் சொந்தம். கனெக்டிகட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த நிலத்தை முக்கியமாக நான்கு துறைகள் பார்த்துக்கொள்கின்றன. நில மேலாண்மைப் பணியகத்திடம் சுமார் 24.5 கோடி ஏக்கர், வனத்துறையிடம் 19.3 கோடி ஏக்கர். மீன், வனவிலங்குத் துறையும் தேசியப் பூங்காத் துறையும் மீதத்தில் பெரும்பங்கை வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பூங்காக்கள்தான் கண்ணில் படுகின்றன. உண்மையில் பொது நிலத்தின் பெரும்பகுதி மரம் வெட்டவும், மாடு மேய்க்கவும், எண்ணெய் எடுக்கவும், வேட்டைக்கும், நடைக்கும் என்று எல்லாவற்றுக்கும் திறந்த நிலம். வனத்துறை அங்கே சுற்றுச்சூழல் பொறுப்புள்ள எந்த அமைச்சகத்தின் கீழும் இல்லை. 1905 முதல் வேளாண்மைத் துறையின் கீழ்தான் இருக்கிறது. மரமும் ஒரு விளைச்சல் என்ற கருத்தில் பிறந்த அமைப்பு அது.

இந்த நிலம் பொதுச் சொத்தான வழி சுத்தமானது அல்ல. பழங்குடி மக்களிடமிருந்து போரிலும், நிர்ப்பந்த ஒப்பந்தங்களிலும், மீறப்பட்ட வாக்குறுதிகளிலும் பறித்தது. இதற்குப் பின்னால் திரும்பி வருகிறேன். பறித்த அரசு அதைச் சேர்த்து வைக்கவும் இல்லை, 19ஆம் நூற்றாண்டு முழுக்க வாரிக் கொடுத்தது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகள் தங்கி உழுதவருக்கு 160 ஏக்கர் கிடைத்தது. அந்த வழியில் மட்டும் சுமார் 27 கோடி ஏக்கர் கைமாறியது. ரயில் கம்பெனிகளுக்குத் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒரு சதுர மைல் கட்டம் விட்டு ஒரு கட்டமாக நிலம் கொடுத்தார்கள். இடையில் விடுபட்ட கட்டங்கள் அரசிடமே நின்றன. சதுரங்கப் பலகையைப் போன்ற அந்தக் கட்டங்கள் இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன; கடைசியில் அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பொது நிலத்தில் தங்கம், வெள்ளி, செம்பு கண்டவருக்கு அதை எடுக்கும் உரிமையை அரசுக்கு ராயல்டி ஏதும் தராமலே கொடுத்தது. அந்தச் சட்டம் இப்போதும் நடைமுறையில் இருக்கிறது.

கொடுத்துத் தீர்த்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதே காலத்தில் மெல்லத் தலைகாட்டியது. 1872இல் யெல்லோஸ்டோன் பூங்கா. 1891இல் காடுகளை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு வந்தது. 1903இல் புளோரிடாவின் பெலிகன் தீவு, பறவைகளுக்கான முதல் சரணாலயம். 1906இல், பொது நிலத்தில் காக்கவேண்டிய இடங்களைத் தேசிய நினைவிடம் என்று ஜனாதிபதியே அறிவிக்க வழி செய்த தொல்பொருள் சட்டம். அதன் பலத்தில்தான் தியோடர் ரூஸ்வெல்ட் 1908இல் கிராண்ட் கேன்யனைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். இந்த வரலாறு எல்லோரும் சொல்வதுதான், அதில் நிற்க வேண்டாம். நின்று பார்க்க வேண்டியது ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கு. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் குடிநீருக்காக அணை கட்ட 1913இல் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. இயற்கைப் பாதுகாப்புக்காக எழுதியும் பேசியும் வந்த ஜான் மியூர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடித் தோற்றார். அடுத்த ஆண்டின் கடைசியில் இறந்தும் போனார். பூங்கா என்று பெயர் சூட்டிவிட்டால் நிலம் தப்பிவிடும் என்ற நம்பிக்கை அங்கே தண்ணீருக்குள் போனது.

அணை மட்டுமல்ல, சாலையும் அப்போது பெரிய கவலையாக இருந்தது. கார்கள் பெருகிய காலம் அது. பூங்காத் துறையும் வனத்துறையும் மக்களை உள்ளே வரவழைக்கப் போட்டி போட்டுக்கொண்டு சாலைகளும் விடுதிகளும் அமைத்தன. 1919இல் வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளம் நிலவடிவமைப்பாளரைக் கொலராடோவின் டிராப்பர்ஸ் ஏரிக்கு அனுப்பியது. ஏரிக்கரையில் கோடை வீடுகளுக்கு மனை அளந்து வரச்சொன்னார்கள். அவர் சொன்ன வேலையைச் செய்தார். பிறகு மேலதிகாரியிடம் வந்து, அங்கே ஒரு வீடும் கட்டக்கூடாது என்று வாதாடினார். வாதம் ஏறியது; இன்றுவரை அந்தக் கரையில் வீட்டு மனைகள் வரவில்லை.

அதே துறையில் நியூ மெக்சிகோவில் வேலைபார்த்த ஆல்டோ லியோபோல்ட் இன்னும் பெரிதாக யோசித்தார். பொதி விலங்குகளோடு இரண்டு வாரம் பயணம் போனாலும் குறுக்கே ஒரு சாலை வராத அளவுக்கு நிலம் வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். அவர் முயற்சியால் 1924 ஜூன் 3 அன்று கீலா காட்டில் சுமார் 7.55 லட்சம் ஏக்கர் வில்டர்னஸ் என்று ஒதுக்கப்பட்டது. வட்டார வன அதிகாரியின் கையெழுத்துத்தான் அதற்கு ஆதாரம். சில ஆண்டுகள்தான் போயின. அந்தப் பக்கத்தில் ஓநாய்களையும் மலைச்சிங்கங்களையும் கொன்று தீர்த்திருந்ததால் மான்கள் அளவுமீறிப் பெருகின. மானைச் சுட வேட்டைக்காரர்கள் வரவேண்டும், அவர்கள் வரச் சாலை வேண்டும். அதே துறை அதே நிலத்தின் நடுவே சாலையைத் திறந்துவிட்டது. கீலா இரண்டாகப் பிளந்தது. ஓர் அதிகாரி எழுதியதை இன்னோர் அதிகாரி அழித்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1935இல் லியோபோல்ட், பாப் மார்ஷல் முதலியோர் சேர்ந்து வில்டர்னஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் செயலராக 1945இல் வந்த ஹவர்ட் ஸானைசர்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். மலையேறிப் புகழ்பெற்றவர் இல்லை. பத்திரிகை ஆசிரியர், பேச்சில் மெதுவானவர், பொறுமைசாலி. 1950களில் டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள் கிரீன் ஆறும் யாம்பா ஆறும் கூடும் எக்கோ பார்க்கில் அணை கட்டத் திட்டம் வந்தது. ஹெட்ச் ஹெட்சி மறுபடி நடக்கப்போகிறது என்று நாடெங்கும் இருந்த இயற்கை அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, 1956இல் அந்த அணையைச் சட்டத்திலிருந்து நீக்கவைத்தன. அந்த வெற்றிக்கு விலையும் இருந்தது: அதே சட்டத்தில் அனுமதி பெற்ற கிளென் கேன்யன் அணை இன்னோர் அழகிய பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் போராடிக்கொண்டே இருக்க முடியாது என்று ஸானைசர் முடிவுக்கு வந்தார். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று மசோதாவை எழுதத் தொடங்கினார்.

எட்டு ஆண்டுகள் ஆயின. 66 வடிவங்கள், 18 பொது விசாரணைகள். சட்டையின்மேல் போடும் கோட்டுக்குள் பெரிய பைகள் தைத்து, அதில் மசோதாவின் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு உறுப்பினர்களின் அறை அறையாக ஏறி இறங்கினார். கீழவையில் உள்நாட்டு விவகாரக் குழுவின் தலைவராக இருந்த கொலராடோவின் வேய்ன் ஆஸ்பினால் சுரங்கத் தொழிலின் பக்கம் நின்று மசோதாவை நகரவிடாமல் பிடித்திருந்தார். கடைசியில் அவர் கேட்ட இரண்டை விட்டுக்கொடுத்தார்கள். ஒன்று, 1983 முடியும்வரை வில்டர்னஸ் நிலத்திலும் புதிய சுரங்க உரிமைகள் கோரலாம். இரண்டு, இனிமேல் ஒவ்வொரு புது வில்டர்னஸும் காங்கிரஸின் தனிச் சட்டத்தால்தான் வரவேண்டும். இரண்டாவதை அவர் முட்டுக்கட்டையாகத்தான் கேட்டார். ஆனால் அதனாலேயே ஒவ்வொரு வட்டாரத்திலும் மக்கள் வரைபடத்தை விரித்து எல்லை குறித்து, தங்கள் உறுப்பினரிடம் மசோதா கேட்டு நிற்கும் பழக்கம் வளர்ந்தது. 1964 மே மாதம், கடைசி விசாரணை முடிந்து சில நாட்களில், ஸானைசர் மாரடைப்பால் இறந்தார். வயது 58. ஜனாதிபதி ஜான்சன் செப்டம்பர் 3 அன்று கையெழுத்திட்டபோது அங்கே நின்றது ஸானைசரின் மனைவி ஆலிஸ். அன்று 54 இடங்களில் 91 லட்சம் ஏக்கர் வில்டர்னஸ் ஆனது.

சட்டத்தின் வரையறையில் ஸானைசர் பிடிவாதமாக வைத்திருந்த சொல் ஒன்று உண்டு: அன்டிராமல்ட். நண்பர்கள் பலர் அது யாருக்கும் புரியாது என்று மாற்றச்சொன்னார்கள். டிராமல் என்றால் மீன் பிடிக்கும் வலை. குதிரையின் காலில் போடும் கட்டும் அதே சொல்தான். தமிழில் இதற்குத் தேடவே வேண்டாம், தளை என்று நம்மிடம் சொல் இருக்கிறது. மண்ணும் அதன் உயிர்களும் மனிதரால் தளைபடாமல் இருக்கும் இடம் என்பதுதான் வரையறை. வில்டர்னஸ் என்பதற்கு வனம் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மரமே இல்லாத பனிப்பாறையும் உப்புப் பாலையும் சதுப்பும் அதில் அடக்கம். சுரம் என்ற பழைய சொல்லில் ஓரளவு அந்தக் கடுமை இருக்கிறது, ஆனால் அது வறண்ட வழிக்கு மட்டும். அதனால்தான் இந்தப் பதில் முழுக்க வில்டர்னஸ் என்றே எழுதுகிறேன். மனிதக் கை படாத நிலம் என்று சட்டம் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கிழக்கு மாநிலங்களில் ஒருகாலத்தில் வெட்டித் தீர்த்த காடுகள் மறுபடி முளைத்து நின்றன. அவை தூய்மை கெட்டவை, தகுதி இல்லை என்று வனத்துறை வாதிட்டது. 1975 ஜனவரியில் வந்த சட்டம் கிழக்கில் 16 இடங்களைச் சேர்த்து அந்த வாதத்தை மறுத்தது. நிலம் நேற்று எப்படி இருந்தது என்பதைவிட இன்றுமுதல் அதை விட்டுவைப்போமா என்பதே கேள்வி.

விட்டுவைப்பது நடைமுறையில் எப்படி? வில்டர்னஸுக்குள் நிரந்தரச் சாலை கூடாது, வணிகம் கூடாது. அவசியமான நிர்வாகத் தேவை என்று நிரூபித்தாலொழிய தற்காலிகச் சாலை, மோட்டார் வாகனம், மோட்டார் கருவி, மோட்டார் படகு, விமானம் இறக்குவது, இயந்திரப் போக்குவரத்து, கட்டடம் எதுவும் கூடாது. சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. சக்கர நாற்காலிக்கு உண்டு. தடை பார்வையாளருக்கு மட்டும் என்றால் சாதாரண விதி. இது நிலத்தைக் காக்கும் ரேஞ்சருக்கும் பொருந்தும். நடைபாதையில் புயலுக்கு விழுந்த மரத்தை மோட்டார் ரம்பம் வைத்து அறுத்தால் சில நிமிட வேலை. ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் நீண்ட ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். பாலம் கட்டும் மரத்தைக் கோவேறு கழுதைகள் சுமந்து போகின்றன. பழைய ரம்பங்களுக்குப் பல் தீட்டத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டதால் அதற்கென்றே பயிற்சி நடத்துகிறார்கள். மெதுவாகவும் சிரமப்பட்டும் வேலை செய்ய வேண்டியிருப்பதால், அந்த வேலை தேவையா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் எதிர்பார்ப்பதும் அந்த யோசனையைத்தான்.

சிக்கலான வழக்குகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வாஷிங்டன் மாநிலத்தின் கிளேசியர் பீக் வில்டர்னஸில் கிரீன் மவுண்டன் என்ற சிகரத்தில் 1933இல் கட்டிய தீக்காவல் குடில் ஒன்று இருக்கிறது. அது சிதைந்துபோனதால் வனத்துறை ஹெலிகாப்டரில் பொருள் கொண்டுபோய்ப் புதுப்பித்தது. வில்டர்னஸ் காவலுக்கென்றே இருக்கும் ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. 2012இல் நீதிபதி குடிலை அகற்றச்சொன்னார். சுற்றுவட்டாரத்து மக்களுக்கு அந்தக் குடில் உயிர். 2014இல் காங்கிரஸ் அந்த ஒரே ஒரு குடிலுக்காகத் தனிச் சட்டம் இயற்றி அதைக் காப்பாற்றியது. ஒரு சின்ன மரக் குடிலுக்கு நாடாளுமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதிலிருந்தே இந்தப் பூட்டின் கெட்டி புரியும். அரிசோனாவின் கோஃபா சரணாலயத்தில் மலை ஆடுகள் குறைந்தன என்று வனவிலங்குத் துறை இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் கட்டியது. நோக்கம் நல்லதுதான். அது உண்மையில் அவசியமா என்று துறை ஆராயவில்லை எனச் சொல்லி 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துறைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

தீ விஷயம்தான் எல்லாவற்றிலும் கடினம். 1935 முதல் வனத்துறைக்கு ஒரு கொள்கை இருந்தது: எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். பல பத்தாண்டுகள் அப்படி அணைத்ததில் காடுகளுக்குள் சருகும் விறகும் குவிந்தன. தீயோடு வளரும் மரங்கள் முளைக்க வழியில்லாமல் போயிற்று. ஐடஹோ, மொன்டானா எல்லையில் இருக்கும் செல்வே பிட்டர்ரூட் வில்டர்னஸில் 1972இல் மின்னல் மூட்டிய தீ ஒன்றை வனத்துறை முதன்முறையாக அணைக்காமல் கண்காணித்தபடி விட்டார்கள். வில்டர்னஸ் இல்லாதிருந்தால் அந்தச் சோதனையைச் செய்துபார்க்க வனத்துறைக்கு இடம் கிடைப்பது கடினமாக இருந்திருக்கும். இப்போது கேள்வி வேறுவிதமாக வருகிறது. 2020, 2021 தீயில் கலிபோர்னியாவின் ராட்சத செக்கோயா மரங்கள் ஆயிரக்கணக்கில் கருகின. சில தோப்புகளில் கன்று முளைக்கவில்லை. வில்டர்னஸுக்குள் இருக்கும் அந்தத் தோப்புகளில் கன்று நடலாமா? நடுவது தளையிடுவது என்கிறார்கள் சிலர். காலநிலையைக் கெடுத்து நாம் ஏற்கெனவே தளையிட்டுவிட்டோம், இனிக் கைகட்டி நிற்பது பொறுப்பற்றது என்கிறார்கள் வேறு சிலர். பூங்காத் துறை நடுவது என்று முடிவெடுத்தது. நான் நடுவோர் பக்கம். ஆயிரம் ஆண்டு மரம் முற்றாக மறைந்துபோனால் தளைபடாமல் இருக்க அங்கே என்ன மிஞ்சும்? ஆனாலும் எதிர்ப்பவர்கள் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் ஒவ்வொரு தலையீடும் அடுத்ததற்கு முன்னுதாரணம் ஆகிவிடும்.

பூட்டில் ஓட்டைகளும் உண்டு. அறிவிப்புக்கு முன்பே மாடு மேய்ந்த இடங்களில் மேய்ச்சல் தொடர்கிறது. 1984க்கு முன் செல்லுபடியான சுரங்க உரிமைகள் அப்படியே இருக்கின்றன. அலாஸ்காவுக்குத் தனிக் கணக்கு: 1980 டிசம்பர் 2 அன்று வந்த சட்டம் அங்கே ஒரே நாளில் சுமார் 5.6 கோடி ஏக்கரை வில்டர்னஸ் ஆக்கியது. அதில் ராங்கல் செயின்ட் இலயஸ் மட்டுமே ஏறத்தாழ 90 லட்சம் ஏக்கர். 1964இல் நாடு முழுக்க அறிவித்ததற்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் அங்கே வாழ்பவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேட்டையாடவும் மீன்பிடிக்கவும், பனிவண்டியிலும் படகிலும் சிறு விமானத்திலும் போய்வரவும் அதே சட்டம் இடம் கொடுத்தது. இன்று மொத்தம் 800க்கும் மேற்பட்ட வில்டர்னஸ் பகுதிகள், சுமார் 11.1 கோடி ஏக்கர். பாதிக்கு மேல் அலாஸ்காவில். மிகச் சிறியது பெலிகன் தீவில் ஐந்தரை ஏக்கர்.

அலாஸ்காவில் சட்டம் இடம் கொடுத்ததுபோன்ற, நிலத்திலேயே வாழும் மக்களைப் பற்றி 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. மனிதர் தங்காமல் வந்துபோகும் விருந்தாளியாக இருக்கும் இடம் என்று அது சொல்கிறது. அந்த மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பல ஆயிரம் ஆண்டுகள் தங்கியிருந்தவர்கள் இருந்தார்கள். யோசெமிட்டியின் பள்ளத்தாக்குக்குள் 1851இல் ஆயுதப் படை போனது அங்கே குடியிருந்த அவானீச்சி மக்களை விரட்டத்தான். அவர்கள் தீவைத்து, விதை சேகரித்து, வேட்டையாடிப் பராமரித்த நிலத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் கன்னி நிலம் என்று கண்டு வியந்தார்கள். வில்டர்னஸ் என்ற கருத்தை நான் நேசிக்கிறேன். இந்தக் குறையை மூடிவைத்துக்கொண்டு அதை நேசிப்பது நேர்மையாகாது.

திருத்தம் சில இடங்களில் நடந்திருக்கிறது. நியூ மெக்சிகோவின் டாவோஸ் ப்வெப்லோ மக்களுக்குப் புனிதமான நீல ஏரியை 1906இல் அரசு எடுத்துத் தேசியக் காட்டோடு சேர்த்துவிட்டது. 64 ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். இழப்பீடாகப் பணம் தருகிறோம் என்றபோது மறுத்தார்கள். 1970 டிசம்பரில் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம் 48,000 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நிலம் வில்டர்னஸாகவே காக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. அந்த மக்கள் அதைத்தான் காலங்காலமாகச் செய்துவந்தார்கள். மொன்டானாவில் சாலிஷ், கூட்னாய் பழங்குடிகளின் கூட்டமைப்பு 1982இல் தங்கள் மிஷன் மலைத்தொடரில் சுமார் 92,000 ஏக்கரைத் தங்கள் சொந்தச் சட்டத்தால் பழங்குடி வில்டர்னஸ் என்று அறிவித்தது. அங்கே கோடையில் கிரிஸ்லி கரடிகள் உச்சிப் பாறைகளில் கூடும் அந்துப்பூச்சிகளையும் பொறிவண்டுகளையும் தின்ன ஏறிவரும். அந்த மாதங்களில் அந்தப் பகுதியை மனிதருக்கு மூடிவிடுகிறார்கள். மத்திய அரசின் வில்டர்னஸ் பலவற்றிலும் பார்க்க முடியாத அடக்கம் அது.

இனி விற்பனை. பொது நிலத்தின்மேல் முழு அதிகாரம் அரசியல் சாசனப்படி காங்கிரஸுக்குத்தான். அது நினைத்தால் விற்கலாம். வில்டர்னஸ் தகுதியையும் எடுத்துவிடலாம். எந்தச் சட்டமும் இன்னொரு சட்டத்தால் மாறக்கூடியதே. ஆனால் படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை. ஜனாதிபதியின் அறிவிப்பால் வரும் தேசிய நினைவிடம் தாழ்ந்த படி. யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸை ஐந்து பழங்குடி அரசுகளின் கோரிக்கையின்பேரில் 2016இல் ஒபாமா 13.5 லட்சம் ஏக்கராக அறிவித்தார். 2017இல் டிரம்ப் அதை ஏறத்தாழ 85 சதவீதம் வெட்டினார். 2021இல் பைடன் மீட்டார். துறையின் விதியால் வரும் பாதுகாப்பும் அப்படித்தான். சுமார் 5.85 கோடி ஏக்கர் தேசியக் காட்டில் புதிய சாலைகளைத் தடுக்கும் 2001ஆம் ஆண்டு விதியை நீக்கப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். வில்டர்னஸை இப்படிக் கையெழுத்தால் தொட முடியாது. இரு அவைகளும் கூடி, பொதுவெளியில் பேசி, வாக்களித்தாக வேண்டும்.

சாதாரணப் பொது நிலத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு காப்பு: நிலத்தைப் பொதுவாக மத்திய அரசே வைத்துக்கொள்ளும் என்று அது கொள்கையாக அறிவித்தது, அலாஸ்கா நீங்கலாகக் குடியேற்றச் சட்டத்தின் காலமும் அதோடு முடிந்தது. பணத்துக்கு இன்னொரு காப்பு. வில்டர்னஸ் சட்டம் கையெழுத்தான அதே 1964 செப்டம்பர் 3 அன்று நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிக்கான சட்டமும் கையெழுத்தானது. நிலம் வாங்கப் பணம் ஒதுக்கும் ஏற்பாடு அது; 1968இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பெரும்பாலும் கடலுக்கடியில் எடுக்கும் எண்ணெயின் ராயல்டியிலிருந்து வருகிறது. 2020இல்தான் ஆண்டுக்கு 90 கோடி டாலர் முழுமையாகவும் நிரந்தரமாகவும் கிடைக்க வழி செய்தார்கள். ஆனாலும் 2025 ஜூனில் செனட்டில் 11 மேற்கு மாநிலங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரை விற்கும் திட்டம் வந்தது. அதைத் தடுத்தது சுற்றுச்சூழல் அமைப்புகள் மட்டுமல்ல. வேட்டைக்காரர்கள், மீன் பிடிப்போர், குதிரைக்காரர்கள், இரு கட்சிகளுக்கும் வாக்களிப்பவர்கள் எல்லாரும் தொலைபேசியில் தங்கள் உறுப்பினர்களைத் துளைத்தார்கள். அந்த மாத முடிவுக்குள் திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

சட்டத்தால் காத்த நிலத்துக்கும் போய்ச்சேர வழி வேண்டும். முன்னே சொன்ன சதுரங்கக் கட்டங்களில் பொதுக் கட்டமும் பொதுக் கட்டமும் மூலையில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அடியெடுத்து வைக்கும்போது உடல் ஒரு கணம் தனியார் நிலத்தின்மேல் காற்றில் கடக்கிறது. மேற்கில் 80 லட்சம் ஏக்கருக்கும் மேல் பொது நிலம் இப்படி மூலைக்குள் பூட்டிக் கிடக்கிறது. 2021இல் வயோமிங்கின் எல்க் மலையில் நான்கு வேட்டைக்காரர்கள் ஓர் ஏணி செய்து கொண்டுபோய், தனியார் மண்ணில் கால் படாமல் மூலையைக் கடந்தார்கள். குற்ற வழக்கில் விடுதலை ஆனார்கள். பக்கத்துப் பண்ணை உரிமையாளர் பல லட்சம் டாலர் இழப்பு என்று உரிமையியல் வழக்கும் போட்டார். 1885ஆம் ஆண்டு வந்த வேலிச் சட்டத்தை எடுத்துக்காட்டி, பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வயோமிங், யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ, கன்சாஸ், ஒக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். மொன்டானா வேறு வட்டத்தில் இருக்கிறது. அங்கே இதே மூலைகள், இதே கட்டங்கள், ஆனால் இந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது.